ஒளுவோடு துடைத்த கத்தி

காந்தம் கத்திப் பிடியில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் டக்கென்று ஒரு சத்தம் வந்திருக்கும், திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கும் கேட்டிருக்கும், கேட்கவில்லை. யா அல்லாஹ் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை, ஒட்டாமல் போயிற்றே என்றா, ஒட்டாமல் போனதே, அல்ஹம்துலில்லாஹ் என்றா. அஸர் தொழுத கையோடு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன், அது கொதித்துக்கொண்டு கிடக்கிறது, தட்டில் நாலு கொய்யாப்பழம் கழுவி வைத்திருக்கிறேன், போய்த் தேயிலையைப் போடவேண்டும், கால் நகரமாட்டேன் என்கிறது. திரை இடுக்கில் மூன்று பேரில் ஒருவர் முகமும் தெரியவில்லை. மேசையின் ஒரு முனை, அதன் மேல் பச்சைத் துணி, துணியில் கத்தி, அதற்கப்பால் பிரம்பு நாற்காலியில் என் வீட்டுக்காரருடைய வலது கால். அந்தக் கால் ஆடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் அவுக கால் ஆடும், மனசு நிறைந்திருந்தால் வேகமாக ஆடும். இப்போது வேகமாகத்தான் ஆடுகிறது. “பிடியில ஒட்டலைன்னு பயப்படாதீங்க தம்பி” என்றார் வந்தவர், அருஞ்சுனைராஜன் என்று பெயர், ஏதோ அருங்காட்சியகத்தில் ஆயுதங்கள் பகுதியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு வாங்கியவராம், என் மகன் நூகு தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறான். “வெள்ளியிலயும் ஒட்டாது, கொம்புலயும் ஒட்டாது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இனிமேதான் பார்க்கணும்.” இனிமேல்தான். நான் திரையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டேன். தஸ்பீஹ் மணி இன்னொரு கையில், முப்பத்து மூன்றில் எத்தனையாவதில் நிற்கிறேன் என்பது போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்கு நூறு வருஷம் ஆகிறது, அதற்கு ஊர்க் கண்காட்சி வைக்கிறார்கள், கமிட்டியில் நூகும் இருக்கிறான், நம் வீட்டுத் துருக்கிக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பக்கத்தில் எழுதிப் போட வேண்டுமாம், எழுதுகிறதைச் சரியாக எழுத வேண்டுமாம். அவ்வளவுதான் அவனுக்கு. கதை ஊரில் தெரியாத ஆள் இல்லை. அவுகளுடைய வாப்பாவின் வாப்பா கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில், ஜித்தாவில், காய்ச்சலில் கிடந்த துருக்கிச் சிப்பாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம், பிழைத்து எழுந்தவன் இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்த கத்தி. என் கலியாணத்தில் அதை மாப்பிள்ளை மேசையில் வைத்திருந்தார்கள், வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முந்தி கத்தியைப் பார்த்தார்கள். பிள்ளை பிறந்தால் நாற்பது நாளும் தலைமாட்டில் அது இருக்கவேண்டும், பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு வைக்கிறது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், பாக்குவெட்டி வைப்பார்கள், சாவி வைப்பார்கள், எங்கள் வீட்டில் சிப்பாய்க் கத்தி. மூத்தவள் ஸபிய்யாவுக்கு இருந்தது. நூகுவுக்கு இருந்தது, நாற்பது நாளும் இருந்தது, நாற்பது நாளும் அழுதான். மூன்றாவதுதான் ருகையா. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தோம். எட்டாம் நாள் ஓதிக் கொடுக்கிற ஆலிமாம்மா பார்க்க வந்தவர்கள் தலைமாட்டில் கத்தியைப் பார்த்துவிட்டு, “ஏன்மா, காப்பாத்துறவன் இரும்பா, அவனா?” என்று மட்டும் கேட்டார்கள். அது என்னைக் குத்திவிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் கத்தியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு யாசீன் கிதாபைத் தலைமாட்டில் வைத்தேன், நல்ல காரியம் செய்தோம் என்று ஒரு நிறைவுகூட வந்தது, அந்த நிறைவைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. மதியம் லுஹருக்கு முந்தி பிள்ளை பால் குடிக்கவில்லை. உதடு நீலமாயிற்று. வண்டி பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது என் மடியில் கனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அடக்கிவிட்டு வந்து அவுக பரணைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “கத்தியை எடுத்தே. பிள்ளையை எடுத்துக்கிட்டான்.” அவ்வளவுதான். கத்தவில்லை, அடிக்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன். தங்கமான மனுஷர் என்பார்கள் ஊரில். தங்கம்தான். தங்கத்தில் துருப்பிடிக்காது, சொன்ன சொல் அப்படியே பளபளவென்று முப்பத்து நாலு வருஷம்.

பேச்சை எடுக்கவில்லை, கத்தியை எடுத்தார்கள். வியாழக்கிழமை தோறும், பொழுது சாய்ந்து வெள்ளி இரவு பிறக்கிற மஃரிபுக்கு முந்தி, உறையிலிருந்து உருவி என் முன்னால் வைப்பார்கள், தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் பழைய மல் துணியும் நான் எடுத்துக்கொள்ளவேண்டும். “நீயே துடை, புள்ளே.” அந்த நீயே. அலகில் எழுத்து இருக்கிறது, குர்ஆன் ஆயத்தாக இருக்குமோ என்று, கைகால் முகம் கழுவி ஒளு எடுக்காமல் நான் தொட்டதில்லை, இடுப்புக்குக் கீழே இறக்கினதில்லை. ஆனால் நான் ஓதத் தெரிந்தவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, குர்ஆன் நாற்பது தடவைக்கு மேல் முடித்திருக்கிறேன். அந்த எழுத்தை எப்படித் திருப்பி வைத்துப் பார்த்தாலும் ஓத வரவில்லை. லாம் மாதிரி ஒன்று எழும்பும், மீம் மாதிரி ஒன்று சுருளும், சேர்ந்தால் ஒன்றுமில்லை, பேச வாயெடுத்து நின்றுவிட்ட ஆள் மாதிரி. புதுப்பெண்ணாக இருக்கும்போதே கேட்டேன், இது என்ன எழுத்துங்க என்று. “அது துருக்கி எழுத்து. உனக்கு என்ன தெரியும்?” எனக்கு என்ன தெரியும். பிடியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது, பெருவிரல் அதில் தட்டும்போதெல்லாம் நான்தான் அழுத்தித் துடைத்து விரிசல் விடவைத்துவிட்டேன் என்று பயந்து, வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் காட்டாமல் திருப்பி வைப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். அவர் திருப்பினால் தெரிந்துவிடும். இந்தப் பயத்தைப் பார், பிள்ளை போனதற்கு மேல் பிடி போனதற்கும் ஒரு பயம்.

“நல்ல உருக்குல ஒரு ரேகை ஓடும் தம்பி, குளத்துத் தண்ணியில காத்து பட்ட மாதிரி. அது இரும்புக்குள்ள இருக்கிறது. மேலே எவ்வளவு தேய்ச்சாலும் உள்ளேயிருந்து வரும். இதைப் பாருங்க, இந்தப் பக்கம் மூணு வளைவு, ஒரு சுழி. அந்தப் பக்கமும் மூணு வளைவு, அதே இடத்துல சுழி. மேலாப்புல திராவகத்தால அரிச்ச அச்சுக் கோலம்.” நூகு “ஓ” என்றான். கால் ஆடுகிறது, கொஞ்சம் மெதுவாக. ரப்பே, பொய்யாக இருக்கட்டும் என்று என் நெஞ்சு கேட்டுவிட்டது. கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. உண்மைக் கத்தியாக இருந்தால் அவுக மானம் நிற்கும், எழுபது வயதில் மகன் முன்னால், வெளியாள் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், ஒரு பெண்சாதி அதற்கல்லவா துஆச் செய்யவேண்டும். பொய்யாக இருந்தால் நான் எடுத்துப் பரணில் வைத்தது வெறும் தகரம். உண்மையோ பொய்யோ, இரும்பு ஒரு உயிரை, ரூஹைப் பிடித்து வைக்காது, இது எனக்குத் தெரியாதா, தெரியும், ஸபிய்யாவுக்கும் நூகுவுக்கும் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். தெரிந்ததெல்லாம் மேலே கிடக்கும், அடியில் அந்த ஒரு சொல் கிடக்கும், ஸுஜூதுக்குக் குனிந்தால் மேலே இருப்பது சரிந்து அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். “எழுத்து துருக்கி எழுத்தா இருக்குமோ சார்?” என்று நூகு கேட்டான். வந்தவர் சிரித்தார். “அந்தக் காலத்துத் துருக்கிக்காரங்களும் நீங்க ஓதுற இதே அரபு எழுத்துலதான் எழுதினாங்க தம்பி. பாஷைதான் வேற. எழுத்து எழுத்துதான், கூட்டியாவது படிக்கலாம். இது எழுத்து மாதிரி கீறினது. உங்க வீட்டுல ஓதத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பார்த்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க.” திரையை விரலில் சுற்றிச் சுற்றி விரல்நுனி வெளுத்துவிட்டது. ஒருத்தர் பார்த்தார் ஐயா. அன்றைக்கே கேட்டார். உனக்கு என்ன தெரியும் என்றார்கள், ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொண்டார், ஓத வராத கீறலுக்கு ஒளு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், வாரத்துக்கு ஒரு தரம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு தரம்.

பிறகு அவர் பிடியைத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “இந்தா, இந்தக் கோடு. வார்ப்புக் கோடு. ரெண்டு பாதி அச்சைச் சேர்த்து ஈயம் மாதிரி ஏதோ ஒண்ணை உருக்கி ஊத்தினா சேர்ற இடத்துல இப்படித்தான் நிக்கும்.” விரிசல் இல்லை. நான் விடவைத்த விரிசல் இல்லை. பிறக்கும்போதே இருந்த கோடு. பிறக்கும்போதே என்று யாரோ முன்னால் ஒருதரம் சொன்ன மாதிரி இருந்தது, யார், அந்த டாக்டர், அவரையும் நான் நம்பவில்லையே. அப்போதுதான் அவுக பேசினார்கள், அவர் வந்ததிலிருந்து முதல் பேச்சு, குரலில் ஒரு இனிப்போடு: “சார், என் வீட்டுப் பொம்பளை இருக்காளே, வாராவாரம் எண்ணெயைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, அதுல இருந்த பழசு பூராவும் போயிருக்கும். எழுத்தும் அதனாலதான் அழிஞ்சிருக்கும். நான் சொன்னா கேக்க மாட்டா.” நான் கேட்கமாட்டேன். அவுக சொன்னால் கேட்கமாட்டேன். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றிச் சட்டி தீய்கிற வாசனை வந்தது, போய் அடுப்பை அணைத்துவிட்டு, எப்படிப் போனேன் என்று தெரியாமல் திரும்பி அதே இடத்தில் நிற்கிறேன். வந்தவர் கத்தியை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், “இல்லே பாய், தேய்ச்சதால போனது எதுவும் இதுல இல்லே. நெசக் கத்தி தேய்ஞ்சா உயர்ந்த இடம் மழுங்கும், பள்ளத்துல கருப்பு நிக்கும். பெருவிரல் படுற இடத்துல மட்டும் இது அப்படித் தேய்ஞ்சிருக்கு. இதுல நெசமா வயசான இடம் அது ஒண்ணுதான். யாரோ ஒருத்தர் கைபட்ட தேய்மானம்.” நூகு, “உம்மாதான்” என்றான். என் பெருவிரலைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, ரேகைதான், குளத்துத் தண்ணீரில் காற்று பட்ட மாதிரி.

“அடியில ஒரு குமிழ் இருக்கு. நெசக் கத்தின்னா அலகோட வால் பிடிக்குள்ள ஓடி இங்கே வந்து அடிச்சுத் தறைஞ்சிருக்கும். இது திருகி இருக்கு. கழற்றிப் பார்த்துடலாமா?” என்று பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். “வேண்டாம்.” அவுக குரல். “வேண்டாம் சார். உள்ளே ஒண்ணும் இல்லே.” கால் நின்றுவிட்டது. பிரம்பு நாற்காலிக்குக் கீழே, செருப்பில்லாத கால், பெருவிரல் மட்டும் மேலே தூக்கினபடி, செத்த பல்லி மாதிரி நின்றுவிட்டது. அந்தக் காலை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். முகம் பொய் சொல்லும், குரல் அழகாகப் பொய் சொல்லும், கால் சொல்லாது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அவுகளுக்கு எப்படித் தெரியும்? நான் கழற்றியதில்லை. ஆணி மாதிரி இருக்கிறதே என்று ஒருதரம் நகத்தால் தொட்டதோடு சரி. நூகு சிரித்துக்கொண்டு, “சும்மா பாப்போம் வாப்பா” என்றான், வந்தவர் அதற்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டார். குமிழ் கழன்றது, பிடி அலகிலிருந்து உருவிக்கொண்டு வந்தது, பச்சைத் துணியில் வெள்ளையாக ஒன்று விழுந்து உருண்டு என் பக்கத்து மேசை முனையில் வந்து நின்றது. வளையம். குழாய்க்கும் மிக்சிக்கும் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்துச் சிப்பாய் இடுப்பில் பிளாஸ்டிக். ருகையாவின் தலைமாட்டில் எட்டு நாள் பிளாஸ்டிக். ஒன்பதாம் நாள் இல்லை.

அப்புறம் அவுகளும் சிரித்தார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளை சிரிக்கிற மாதிரி, அழகாகத்தான் சிரித்தார்கள். “என்ன செய்யச் சொல்றே நூகு. ஜித்தாவில கடையில வேலை பார்க்கும்போது ஹஜ்ஜுக்கு வந்த துருக்கிக்காரன் ஒருத்தன் ரோட்டோரம் விரிச்சு வெச்சிருந்தான். கலியாணத்துக்கு வர்றோமே, மாப்பிள்ளை கையில ஏதாச்சும் வேணுமேன்னு வாங்கினேன். எங்க வாப்பாதான் நாலு பேர் கேட்டப்ப ஏதோ சொல்லிவெச்சாங்க, அப்புறம் அது தானா வளந்துச்சு.” “அப்போ நாம சிப்பாய்க்குக் கஞ்சி ஊத்தின பரம்பரை இல்லையா வாப்பா? நான் ஸ்கூல்ல எத்தனை பேரை மிரட்டியிருக்கேன் தெரியுமா, எங்க வீட்டுக் கத்தி துருக்கிக் கத்திடான்னு!” “துருக்கிக் கத்திதானேடா, துருக்கிக்காரன்தானே வித்தான்!” மூன்று பேரும் சிரித்தார்கள். நூகு மேல் குற்றமில்லை, அவனுக்கு அப்போது இரண்டு வயது, அந்தச் சொல் அவன் காதில் விழவில்லை, எனக்கு மட்டும் சொன்ன சொல். வாங்கும்போது தெரியும். மேசையில் வைக்கும்போது தெரியும். ருகையாவின் தலைமாட்டில் தன் கையால் வைக்கும்போது தெரியும். சரி, அது ஒரு ஆசை, ஒரு பெருமை, ஆம்பிளைகளுக்கு இருக்கும், அல்லாஹ் பொறுப்பான். அடக்கிவிட்டு வந்து பரணைப் பார்த்தபோது? கத்தியை எடுத்தே என்று சொன்ன அந்த வாய்க்கு, எடுத்தது என்ன என்று தெரியும். துக்கத்தில் மறந்து சொல்லியிருப்பார்கள் என்று ஒரு கணம் அவுகளுக்காக நானே வக்காலத்து வாங்கினேன், அப்படி வாங்கி வாங்கிப் பழகிய நெஞ்சு. மறுநாள் ஞாபகம் வந்திருக்குமே. அடுத்த வியாழக்கிழமை வந்திருக்குமே. நீயே துடை என்று முன்னால் வைக்கும்போது ஒருதரமாவது, ஆயிரத்து எழுநூறு தரத்தில் ஒரே ஒரு தரமாவது.

நான் வெளியாள் முன்னால் போகிறவள் இல்லை, திரைக்கு இப்பாலிருந்து தட்டை நீட்டினால் நூகு வாங்கிக்கொள்வான். இன்றைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொய்யாத்தட்டோடு போய்விட்டேன். “உம்மா, குடுங்க, நான்…” என்று நூகு எழுந்தான். வந்தவர் மரியாதையாகக் கையைக் கூப்பினார். “தேத்தண்ணி தீஞ்சுபோச்சு, பழம் சாப்பிடுங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “நறுக்கக் கத்தி கொண்டுவர மறந்துட்டேன்.” பிடியையும் அலகையும் சேர்த்து அவர் அப்போதுதான் திருகி வைத்திருந்தார். எடுத்தேன். ஒளு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவில்லை. ஒரு கொய்யாவைத் தட்டில் வைத்து அலகை அதன் மேல் அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினேன். தோல் நசுங்கிப் பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். “அதுக்குச் சாணையே பிடிக்கலைம்மா, பார்வைக்குத்தான்” என்றார் அவர், மெல்ல, ஏதோ புரிந்த மாதிரி. “ஏ புள்ளே, என்ன இது, வெளையாட்டா?” என்று அவுக சிரிக்கப் பார்த்தார்கள். நசுங்கின கொய்யாவை எடுத்து அவுக முன்னால் வைத்தேன். “ருகையா இருந்தா இன்னைக்கு முப்பத்து நாலு” என்றேன். நூகு என்னைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான். அவுக கொய்யாவையே பார்த்தார்கள். நான் சமையல்கட்டுக்குப் போய் நல்ல கத்தியை எடுத்து வந்து மீதி மூன்றையும் நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் வைத்தேன். வந்தவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். நூகு அவரை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனான். போகும்போது வாசலில் நின்று “உம்மா…” என்றான். “போயிட்டு வா” என்றேன்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்சம் இருந்தது. அவுக நாற்காலியிலேயே இருந்தார்கள். கொய்யா அப்படியே இருந்தது, நசுங்கின இடம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், காத்திருந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தொண்டையைச் செருமினார்கள். “வெள்ளி இரவாச்சே புள்ளே. அதைத் துடைச்சு உள்ளே வெச்சுரு.” கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. “நீங்களே துடைங்க” என்றேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தையும் மல் துணியையும் கொண்டுவந்து அவுக மடிக்கு நேரே மேசையில் வைத்துவிட்டு ஒளு எடுக்கப் போனேன். மூன்று தரம் கையைக் கழுவினேன், நாலாவது தரமும் கழுவினேன், தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். மஃரிப் தொழுதேன். தொழுதுவிட்டு ஏந்தின கையோடு உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வருஷமாக ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் ஒரே வரிசை: முதலில், ரப்பே, என் கையால் நடந்ததைப் பொறுத்துக்கொள். பிறகு பிள்ளைகள். பிறகு பிள்ளைகளின் வாப்பா, அவுக உடம்புக்குச் சுகம் கொடு, அவுக பிழையைப் பொறுத்துக்கொள், அவுகளுக்கு முந்தி என்னை எடுத்துக்கொள். நாக்கு பழக்கத்தில் முதலாவதில் இறங்கி, என் கையால் என்ற இடத்தில் நின்றது. கையைப் பார்த்தேன். வியாழக்கிழமை மஃரிபுக்கு எப்போதும் அதில் தேங்காய் எண்ணெய் மணக்கும், இன்றைக்குக் கொய்யா மணந்தது. முதலாவதை விட்டுவிட்டேன். ஸபிய்யாவுக்குக் கேட்டேன், நூகுவுக்குக் கேட்டேன், ருகையாவுக்கு என் ஸலாமைச் சொல், ரப்பே என்றேன். அடுத்தது அவுக. கூடத்தில் கிண்ணம் நகர்கிற சத்தம் கேட்டது, துடைக்கிறார்களா, தள்ளி வைக்கிறார்களா, தெரியவில்லை. துஆவை அதோடு முடித்து, ஏந்தின இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.